படத்தொகுப்புக் கணினி: எந்தப் பாகத்திற்கு எவ்வளவு பணம்?

தோட்டப்புறங்களில் நடைபெறும் திருமணம், காதணி விழா, ஆலயத் திருவிழா முதலியவற்றை ஒளிப்பதிவு செய்து, அழகுபடத் தொகுத்துக் கொடுப்பதை நம் இளைஞர் சிலர் பகுதி நேரத் தொழிலாக மேற்கொண்டு வருகின்றனர். ஒரு காலத்தில் இப்பணிக்குப் பட்டணத்திலிருந்துதான் ஆள் வரவேண்டும். தோளில் பெரிய கேமராவைச் சுமந்து வருவார். பல வாரங்கள் கழித்து ஒரு கேசட் வந்து சேரும். இன்று நல்ல கைப்பேசியோ, சிறிய கேமராவோ இருந்தால் படம் பிடித்துவிடலாம். படம் பிடித்த பின் அதனை வெட்டி, ஒட்டி, இசை சேர்த்து முடிப்பதற்கு வேண்டிய கணினிதான் பெருஞ்செலவாக முன்னே நிற்கிறது.

சென்ற ஆண்டு செபராங் பிறை வட்டாரத் தோட்டமொன்றில் விளக்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக் கொண்டிருந்த வேளையில், பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் மகளுடன் என்னை அணுகினார். எஸ்பிஎம் முடித்த பெண். படத்தொகுப்பில் ஆர்வம் மிக்கவள். தந்தை சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். “சார், மூவாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் இப்படி எழுதிக் கொடுத்தார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

மூவாயிரம் வெள்ளி என்பது சிறு தொகை அன்று. நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது 2025-ஆம் ஆண்டில்தான். அந்தக் கணக்கில், ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம் அந்தச் சீட்டில் அடங்கியிருந்தது. மழைக் காலத்தில் வெட்டு நின்ற நாள்களையும் நினைத்தால், அதனைச் சேர்க்க எத்தனை மாதங்கள் பிடித்திருக்கும் என்பதை இதனை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சீட்டை வாசித்தேன். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று. ஏழு வண்ணத்தில் ஒளிரும் விசிறிகளோடு கண்ணாடிப் பெட்டி. நினைவகம் 8 ஜிகாபைட். சேமிப்பிற்கு 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி. பவர் சப்ளைக்கு எதிரே பெயரும் இல்லை, திறனும் இல்லை. “இலவசம்” என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. முன்பு பள்ளியில் விடைத்தாள் திருத்திய பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. பேனாவை எடுத்துச் சில இடங்களில் கோடிட்டேன். கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். அது விளையாட்டுக் கணினிக்கான பட்டியல். கடைக்கு வரும் இளைஞர்களில் பலர் கேட்பது அதைத்தான். படத்தொகுப்புக்கு வேண்டியது வேறு.

ஏன் வேறு என்பதை அறிய, காணொளி என்பது என்ன என்று முதலில் காண்போம். நம் நாட்டில் வழக்கமாகக் கையாளப்படும் முறையில், ஒரு விநாடிக்கு 25 படங்கள் அடுத்தடுத்துக் காட்டப்படும்போது கண்ணுக்கு அது அசைவாகத் தோன்றுகிறது. ஒரு மணி நேரத்திற்கு 90,000 படங்கள். ‘4கே’ எனப்படும் அளவில் ஒவ்வொரு படமும் 3,840-க்கு 2,160 புள்ளிகள் கொண்டது. அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். இவற்றை உள்ளது உள்ளபடியே பதிவு செய்தால் ஒரு மணி நேரப் படத்திற்கு 2,200 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். ஆனால் கேமராவோ, விநாடிக்கு 100 மெகாபிட் என்ற வேகத்தில், அதே ஒரு மணி நேரத்தை 45 ஜிகாபைட்டில் அடக்கிவிடுகிறது. ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு!

இது எவ்வாறு இயலும்? பெரட்டுக் களத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மாதத்தின் முதல் நாள் கிராணி எல்லாப் பெயர்களையும் முழுமையாக எழுதுகிறார். மறுநாள் முதல் முழுப் பட்டியலை எழுதாமல், “நேற்றைப் போலவே, ஆனால் இன்னார் வரவில்லை, இன்னார் புதிதாக வந்தார்” என்று மாற்றத்தை மட்டும் குறிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஏடு மிச்சம், எழுதுகின்ற வேலையும் மிச்சம். ஆனால் பதினைந்தாம் தேதி யார் யார் வந்தார்கள் என்று ஒருவர் கேட்டால், முதல் நாளிலிருந்து தொடங்கிப் பதினான்கு மாற்றங்களையும் கூட்டிக் கழித்துத்தான் விடை கூற முடியும். எச்.264, எச்.265 என்ற பெயர்களால் வழங்கும் பதிவு முறைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. முழுப் படம் ஒன்று. அதன்பின் மாற்றங்கள் மட்டும். இரண்டில் எச்.265 இன்னும் இறுக்கமாக மடிப்பது.

படத்தைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. தொகுப்பவரோ மாலை மாற்றும் காட்சிக்குத் தாவுகிறார், உடனே தாலி கட்டும் காட்சிக்குத் திரும்புகிறார், நடுவில் ஒரு விநாடியை வெட்டுகிறார். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி அந்தக் கூட்டல் கழித்தலைச் செய்ய வேண்டும். படத்தொகுப்பில் கணினி திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே, மடித்ததை விரைவாகப் பிரிக்கும் ஆற்றல், பிரித்ததை வைத்துக்கொள்ளும் இடம், தங்கு தடையின்றி எடுத்துத் தரும் சேமிப்பு ஆகிய மூன்றிற்கும் பணத்தை முதலில் ஒதுக்க வேண்டும். மற்றவை அனைத்தும் பிறகுதான்.

பிரிக்கும் வேலை செயலியைச் சார்ந்தது. இங்கே பினாங்கு மக்களாகிய நமக்குச் சற்றுப் பெருமைப்பட இடமுண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரண்டும் அடங்கும். டாக்டர் லிம் சோங் இயூ மாநில முதலமைச்சராக இருந்த காலம் அது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஒருங்கிணைப்புத் தொழிற்சாலை பினாங்கில்தான் எழுந்தது. 1975-இல் அது தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்டது. இன்று கடையில் நீங்கள் வாங்கும் செயலியின் உலோக மூடியில் மலேசியாவின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தத் தொழிற்சாலைகளில் உங்கள் உறவினர் ஒருவரேனும் வேலை செய்திருக்கக்கூடும்.

ஆனால் பினாங்கில் செய்யப்படும் பொருள் பினாங்கில் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் தோட்டத்துப் பால் டயராகித் திரும்பி வரும்போது நமக்கென்று யாரும் விலையைக் குறைப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

செயலியை வாங்கும்போது அதன் பெயரின் கடைசி எழுத்தைக் கூர்ந்து கவனியுங்கள். இன்டெல் செயலிகளில் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், அதனுள் படம் காட்டும் பகுதி இயங்காது என்று பொருள். எஃப் இல்லாததைவிட விலை சற்றுக் குறைவாக இருக்கும். கடைகளில் அதையே முதலில் காட்டுவார்கள். விளையாட்டுக் கணினிக்கு அது பொருந்தும். தனி கிராபிக்ஸ் கார்டு எப்படியும் வரப்போகிறது. படத்தொகுப்புக்கோ, நாம் மேலே கண்ட மடிப்பைப் பிரிக்கும் வேலையைச் செய்வதற்கென்றே ‘குவிக் சிங்க்’ என்னும் தனிப் பகுதி அந்தப் படம் காட்டும் பகுதிக்குள்தான் இருக்கிறது. சில பத்து வெள்ளிகளை மிச்சம் பிடிக்கப் போய், வேண்டிய உறுப்பையே இழந்துவிடலாகாது. எஃப் இல்லாத கோர் ஐ5 வரிசையில் பன்னிரண்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தொடக்கக்காரருக்குப் போதும். எடுத்துக்காட்டாக 12400 என்னும் செயலியில் ஆறு உட்கருக்கள் உள்ளன. இவ்வரிசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இன்றைய கேமராக்கள் சிலவற்றில் 10 பிட், 4:2:2 என்ற உயர்தரப் பதிவு முறை இருக்கிறது. எச்.265 வகையில் பதியும் அதனைப் பிரிக்கும் உறுப்பு இவ்வரிசைச் செயலிகளில் உண்டு. விலை உயர்ந்த தனி கார்டுகள் பலவற்றில் நெடுநாள் இல்லாதிருந்தது.

ஏஎம்டி செயலிகளும் நல்லவையே. ஆயினும் ரைசன் 5000 வரிசையில் ‘ஜி’ என்ற எழுத்து இல்லாதவற்றுக்குப் படம் காட்டும் பகுதியே கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து இணைத்த பின்னர் இதனை அறிந்துகொள்வது வருத்தத்திற்குரியது.

அடுத்தது நினைவகம், அதாவது ரேம். இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். பால் எடுக்கும் வாளி சிறிதாக இருந்தால், எவ்வளவு விரைவாக வேலை செய்பவராயினும் நிரைக்கும் ஸ்டோருக்கும் இடையே நடந்தே நேரம் போய்விடும். 8 ஜிகாபைட் நினைவகம் அத்தகைய சிறு வாளி. 16 ஜிகாபைட் குறைந்த அளவு. 4கே படத்தைத் தொகுப்பதாயின் 32 நல்லது. ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டுகளாக வாங்கி உரிய துளைகளில் பொருத்தினால் இரு வழியாகத் தரவு ஓடும், வேகம் கூடும். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரு வகைகள் உள்ளன. ஒன்றுக்குரிய துளையில் மற்றது நுழையாது. தாய்ப்பலகை எந்த வகைக்குரியது என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

நினைவகத்தின் விலையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ரப்பரைப் போலவே இதற்கும் உலகச் சந்தை உண்டு. ஏற்ற இறக்கமும் உண்டு. 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்பட்டு வரும் பெரும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரி வாங்கியதால் விலை வெகுவாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், ‘குருஷியல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்கும் தொழிலிலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலை நமக்கு மிக அருகில், பத்து காவானில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த அந்த மண்ணிலிருந்து வெளிவரும் சில்லு, அதே வட்டாரத்துப் பிள்ளை ஒருவருக்கு எட்டாத விலைக்குப் போவது விந்தைதான். விலை ஏறியிருக்கும் காலத்தில் 16 ஜிகாபைட்டோடு தொடங்குவது அறிவுடைமை. நான்கு துளைகள் உள்ள தாய்ப்பலகையாகப் பார்த்து வாங்கினால், விலை இறங்கியபின் மேலும் இரண்டு துண்டுகளைச் சேர்க்கலாம்.

சேமிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஒரு திருமணத்திற்கு இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் என்று கொள்வோம். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். மணிக்கு 45 ஜிகாபைட் வீதம் 540 ஜிகாபைட். அந்தச் சீட்டில் எழுதியிருந்த 256 ஜிகாபைட் எஸ்எஸ்டியில் பாதித் திருமணம் கூட அடங்காது. விண்டோசும் மென்பொருளும் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் மாப்பிள்ளை அழைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்!

ஆகவே இரண்டு வகைச் சேமிப்பு வேண்டும். கையில் உள்ள வேலைக்கு 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்று. தாய்ப்பலகையிலேயே செருகும் ‘என்விஎம்இ’ வகையாக இருத்தல் நலம். இவ்வகையில் மலிவானவை கூட விநாடிக்கு ஈராயிரம், மூவாயிரம் மெகாபைட் வேகத்தில் படிப்பவை. சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூற்றைம்பது அல்லது இருநூறு மெகாபைட் அளவில் நின்றுவிடும். ஆயினும் ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்கிவிட வேண்டாம். முடித்த வேலையைப் பூட்டி வைக்கும் பெட்டகமாக அதனைவிட மலிவானது இல்லை. 4 டெராபைட் அளவுள்ள ஒன்று நெடுநாள் வரும்.

எந்தத் திருமணத்தின் படமும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. வீடு திரும்பியவுடன், கை கால் கழுவும் முன்னரே, கேமரா அட்டையிலிருந்து இரண்டு இடங்களில் படியெடுத்துவிட வேண்டும். அதன் பின்னரே அட்டையை அழிக்கலாம். இதனை நான் அறிவுரையாக அன்று, அனுபவமாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றை நானே படம் பிடித்து, அப்போது வாங்கிய மலிவான கணினி ஒன்றில் ஏற்றி வைத்திருந்தேன். வேறு படி எடுக்கவில்லை. அந்தக் கணினியின் பவர் சப்ளை, பெட்டியோடு இலவசமாக வந்தது. ஒரு நாள் மாலை ‘பட்’ என்று ஓசை கேட்டது. கருகிய வாடை வந்தது. பவர் சப்ளை தான் அழிந்ததோடு நில்லாமல் ஹார்ட் டிஸ்க்கையும் உடன் அழைத்துக் கொண்டு போய்விட்டது. அந்தத் திருமணத்தில் மணமக்களை ஆசீர்வதித்த பெரியவர்களில் இருவர் இப்போது இல்லை. அவர்களுடைய அசையும் உருவம் எங்களிடம் எதிலும் இல்லை.

எனவே அந்தச் சீட்டில் “இலவசம்” என்ற சொல்லின் கீழ்தான் நான் இரு முறை கோடிட்டேன். பவர் சப்ளை படத்தை வேகமாக்காது, அழகாக்காது, திரையில் தெரியவும் தெரியாது. இலவசமாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாத பொருள் கணினியில் இது ஒன்றே. பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளை, ‘80 பிளஸ்’ முத்திரையுடன், சில ஆண்டு உத்தரவாதத்தோடு கிடைக்கிறது. பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு சேர்த்தாலும் தாங்கும். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. வானம் இருண்டால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இணையக் கம்பி வீட்டினுள் வருமாயின் அதனையும் கழற்ற வேண்டும். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் இடமாயின் சிறிய யுபிஎஸ் ஒன்று, வேலையைச் சேமித்து அணைப்பதற்குப் போதிய சில நிமிடங்களைத் தரும்.

இனி அந்த விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். அது வேண்டவே வேண்டாமா என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறாய் என்பதைப் பொறுத்தது என்றேன். ‘டாவின்ஸி ரிசால்வ்’ என்பது பட உலகில் வண்ணம் சேர்ப்பதற்குப் பெயர் பெற்ற மென்பொருள். அதன் இலவச வடிவமே 4கே அளவு வரை படத்தை முடித்துக் கொடுக்கும். ஆனால் அது கிராபிக்ஸ் கார்டைப் பெரிதும் நம்பியிருப்பது. சொந்தமாக 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள கார்டு இருந்தால்தான் 4கே படத்தில் நிம்மதியாக ஓடும். ‘கேடென்லைவ்’, ‘ஷாட்கட்’ ஆகிய மென்பொருள்கள் முற்றிலும் இலவசம். கார்டு இல்லாமலும் வேலை நடக்கும். முதல் சில நிகழ்ச்சிகளை இவற்றில் முடித்து, வரும் வருமானத்தில் கார்டு வாங்குவதே என் யோசனை. நண்பரிடம் கிடைத்தது என்று திருட்டு மென்பொருளை ஏற்றாதீர்கள். அதனோடு வரும் நச்சுநிரல், வாடிக்கையாளரின் படங்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கக்கூடும்.

பணமே செலவில்லாமல் கணினியை வேகப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு. மென்பொருளில் ‘பிராக்ஸி’ என்றொரு வசதி இருக்கிறது. பெரிய படங்களுக்கெல்லாம் சிறிய நகல்களைக் கணினியே இரவில் செய்து வைத்துக்கொள்ளும். நீங்கள் அந்த நகல்களில் வெட்டி ஒட்டுவீர்கள். முடிவில், செய்த வேலையெல்லாம் மூலப் படத்தின் மீது ஏற்றப்படும். தரம் சிறிதும் குறையாது. நகல்களுக்கும் இடம் வேண்டும். இரவெல்லாம் கணினி ஓட வேண்டும். அவ்வளவே. இதனைக் கற்றுக்கொண்டவர், இரு மடங்கு விலையுள்ள கணினி வைத்திருப்பவருக்கு ஈடாக வேலை செய்ய முடியும். கடைகளில் இதனை யாரும் சொல்வதில்லை. இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை அல்லவா!

கைப்பேசியில் படம் பிடிப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். கைப்பேசிகள் விநாடிக்கு இத்தனை படம் என்று சீராகப் பதியாமல், கூட்டியும் குறைத்தும் பதிவதுண்டு. அதனால் சில மென்பொருள்களில் வாயசைவும் குரலும் மெல்ல மெல்ல விலகிப் போகும். ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளால் முதலில் சீராக்கிக் கொண்டால் இக்குறை நீங்கும்.

திரையைப் பொறுத்தவரை 24 அங்குலம் போதும். ‘ஐபிஎஸ்’ வகையாக இருக்க வேண்டும். மற்ற வகைகள் சிலவற்றில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் மாறும். அரக்குக் கூறைப்புடவையை ஆரஞ்சு நிறமாக மாற்றிக் கொடுத்தால் மணமகளின் தாயார் மன்னிக்க மாட்டார். பெட்டிக்குக் கண்ணாடியும் விளக்கும் வேண்டாம். முன்புறம் காற்றுப் புகத் துளைகளும் இரண்டு விசிறிகளும் இருந்தால் சரி.

பழைய கணினி வாங்கலாமா என்று பலர் கேட்கின்றனர். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த கணினிகளைப் பழுது பார்த்து விற்கிறார்கள், நல்லவையும் உள்ளன. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் திடீரென மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். மேலும், மெலிந்த சிறு பெட்டிக் கணினிகளில் சாதாரணப் பவர் சப்ளையோ முழு அளவு கார்டோ பொருந்தாது. இணையத்தில் இருபது முப்பது வெள்ளிக்கு ‘2 டெராபைட்’ என்று விற்கப்படும் கைவிரல் அளவுச் சேமிப்பான்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. அவை போலி. உள்ளே இருப்பது அதில் சிறு பங்கே; நிறைந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் எழுதியது போலாகும்.

அந்தச் சீட்டின் பின்புறத்தில், ஒவ்வொரு நூறு வெள்ளியையும் எவ்வாறு பிரிப்பது என்று எழுதிக் கொடுத்தேன். செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் சேர்த்து 35 வெள்ளி. நினைவகத்திற்கு 20. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டுக்குமாக 20. பவர் சப்ளைக்கு 10. திரைக்கு 10. பெட்டிக்கு எஞ்சிய 5. விலைகள் மாதத்திற்கு மாதம் மாறுவன. ஆகையால் இது சட்டம் அன்று, வழிகாட்டி மட்டுமே. நினைவகத்தின் விலை ஏறியிருந்தால் திரையைக் கழித்து, வீட்டிலுள்ள தொலைக்காட்சியைச் சில மாதங்களுக்குத் திரையாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ் உரிமத்தின் விலை இக்கணக்கில் சேரவில்லை. அதனைத் தனியே கேட்டறிய வேண்டும். கேடென்லைவும் ஷாட்கட்டும் இலவசமாகக் கிடைக்கும் லினக்சிலும் இயங்கும் என்பதை நினைவில் கொள்க.

மூவாயிரத்தையும் ஒரே நாளில் செலவழிக்க வேண்டாம் என்றும் தந்தையிடம் கூறினேன். முந்நூறு வெள்ளியைக் கையில் வைத்திருங்கள். விடுபட்ட கம்பி ஒன்று, அட்டை படிக்கும் கருவி ஒன்று என்று ஏதேனும் கட்டாயம் வரும். குறைந்த தொகையைப் புரட்டுவதற்கு ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று அவர் கேட்டார். எடுக்க முடியும், 2024 மே மாதம் முதல் அவ்வசதி உள்ளது. ஆயினும் முதுமைக்கு வைத்த பணத்தில் கை வைப்பதை நான் ஊக்குவிக்கவில்லை. தொழில் நடந்து வருவதைக் காட்ட முடிந்தால், இந்தியச் சிறு தொழில் முனைவோருக்காகத் தெக்குன் நேஷனல் நடத்தும் ‘ஸ்புமி’ கடன் திட்டத்தை அணுகலாம் என்றேன்.

ஜார்ஜ்டவுனில் கொம்தார் வட்டாரத்துக் கடைகளுக்குச் செல்வோர், பட்டியலைத் தட்டச்சு செய்து மூன்று படிகள் எடுத்துச் செல்லுங்கள். மூன்று கடைகளில் கொடுத்து, ஒவ்வொரு பாகத்திற்கும் தனித்தனியே விலை எழுதச் சொல்லுங்கள். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று மட்டும் எழுதுவாராயின், எங்கே கூட்டினார், எங்கே குறைத்தார் என்பது தெரியாமல் போகும். “இதே மாதிரிதான், பெயர் மட்டும் வேறு” என்று ஒரு பாகத்தை மாற்றித் தர முன்வந்தால், அதன் முழு எண்ணையும் எழுதி வாங்கி வெளியே வந்து, கைப்பேசியில் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. பணம் உங்களுடையது.

ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும், தொடர் எண்ணும், உத்தரவாதக் காலமும் இருக்கட்டும். பின்னர் கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ரசீது இல்லாவிட்டால் அங்கு உங்கள் வழக்கை நிலைநாட்டுவது கடினம். வெயிலில் எழுத்து மறைந்துபோகும் வழுவழுப்பான ரசீதாயின் அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

தந்தையும் மகளும் ஒரு சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் சென்று வாங்கி வந்தனர். மறுநாள் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து, “சார், எல்லாம் பொருத்தியாயிற்று. கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்” என்றாள். முதல் வாரத்தில் செய்ய வேண்டியதை அவளிடம் கூறினேன். பெட்டிகளையும் அட்டைகளையும் வீசிவிடாதே. பழைய படம் ஏதேனும் ஒன்றைப் போட்டு, தொடர்ந்து இரண்டு மணி நேரம் கணினியை முழு வேகத்தில் உழைக்க விடு. இடையில் தானாக அணைந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, நினைவகம் குறைவாகக் காட்டினாலோ உடனே கடைக்குக் கொண்டு போ. மாற்றித் தருவதற்குப் பல கடைகளில் ஏழு நாள்தான் கெடு. அதற்குள் குறை தெரிந்தால் புதிய பாகம் கிடைக்கும், அதற்குப் பின் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் ஆலயத் திருவிழாவைப் படம் பிடிக்க ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். கையில் வைத்திருந்த முந்நூறு வெள்ளியில் அதைத்தான் முதலில் வாங்கினோம் என்றாள்.